சுயதொழில்காரரின் கார் மைல்: எந்த மைலுக்கு வரிக்கழிவு?

கேள்வி, 9 நவம்பர் 2024

"அண்ணா, நான் லண்டன் குரோய்டனில் இருந்து வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். 2023–24 வரியாண்டில் என்னுடைய சொந்தக் காரில் பாடங்களுக்காக 6,200 மைல் ஓடியிருக்கிறேன். மைலுக்கு 45 பென்ஸ் வரித் திணைக்களம் திருப்பித் தரும் என்று கணவர் சொல்கிறார். அப்படியானால் 2,790 பவுண் எனக்கு வரவேண்டும். பெற்றோல் பற்றுச்சீட்டுகளை நான் சேர்த்து வைக்கவில்லை. அதனால் பணம் கிடைக்காமல் போகுமா?"

9 நவம்பர் 2024, இரவு

2,790 பவுண் உங்கள் கைக்கு வராது. கணவர் சொல்வது பிழை என்பதைவிட, அது அவருடைய கணக்கு என்பதே பொருத்தம். அவர் ஊழியர். அவருடைய நிறுவனம் மைலுக்கு 45 பென்ஸ் வரை வரியில்லாமல் அவர் கையில் கொடுக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அப்படிக் கொடுப்பதற்கு முதலாளி யாருமில்லை. நாம் அந்த 2,790 பவுணைச் செலவாகக் காட்டி இலாபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். குறைந்த இலாபத்துக்கு உரிய வரியை மட்டும் கட்டாமல் விடுகிறோம். நீங்கள் 20 வீத வரிப்படியில் இருந்தால், வருமான வரியும், சுயதொழில்காரர் இலாபத்தின் மேல் கட்டும் நான்காம் வகுப்புத் தேசியக் காப்புறுதியும் சேர்ந்து 26 வீதம் மிஞ்சும், அதாவது 725 பவுண் 40 பென்ஸ்.

பெற்றோல் பற்றுச்சீட்டு இல்லாததால் கவலைப்பட வேண்டாம். மைல் முறையில் கேட்பதானால் அது தேவையில்லை. எந்த நாளில் எங்கிருந்து எங்கே எதற்காக எத்தனை மைல் போனீர்கள் என்ற பதிவுதான் தேவை. அதை வைத்திருக்கிறீர்களா?

நான் ஹரோவில் இருந்து வயலின் கற்பிக்கிறேன். என் வீடே என் தொழிலிடம் என்பதால், வாசலைத் தாண்டிய பின் ஓடுகிற மைல் எல்லாம் தொழில் மைல் என்றே எழுதி வருகிறேன். நீங்களும் அப்படியே எழுதலாம்.

10 நவம்பர் 2024

நேற்று எழுதிய 26 வீதம் பிழை. நான்காம் வகுப்புத் தேசியக் காப்புறுதி 9 வீதத்திலிருந்து 6 வீதமாகக் குறைந்தது 2024 ஏப்ரல் 6ஆம் திகதி முதல்தான். நீங்கள் கேட்டிருப்பது அதற்கு முந்திய ஆண்டைப் பற்றி. ஆகவே 20உம் 9உம் சேர்ந்து 29 வீதம், 809 பவுண் 10 பென்ஸ். அடுத்த ஆண்டுக் கணக்கில் அதே மைலுக்கு 725 பவுண் 40 பென்ஸ்தான் மிஞ்சும். கழித்த பின்னும் உங்கள் இலாபம் 12,570 பவுணுக்கு மேல் இருந்தால்தான் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தும். அதற்குக் கீழே வரியும் இல்லை, கழிவினால் ஆகப்போவதும் இல்லை.

என் பிழை உங்களுக்கு 84 பவுண் நட்டம் காட்டியது. வயலின் ஆசிரியரிடம் வீதக் கணக்குக் கேட்டால் இப்படித்தான் ஆகும். நீங்கள் கணித ஆசிரியராக இருந்தும் இதைச் சுட்டிக்காட்டாமல் விட்டதை மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன்.

12 நவம்பர் 2024

பதிவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்னுடையது சிவப்பு மட்டை போட்ட சிறு கொப்பி. காரின் முன் இருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டியில் கிடக்கும். நூல் ஒன்றில் கட்டிய பேனை அதோடு இருக்கும், ஏனென்றால் கட்டாத பேனைகள் மாணவர் வீடுகளிலேயே தங்கிவிடும். மாணவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், இயந்திரத்தை அணைப்பதற்கு முன் ஓடுமானியில் உள்ள எண்ணைப் பார்த்து எழுதுவேன். ஒரு வரியில் ஐந்து விடயங்கள்: திகதி, புறப்பட்ட இடம், போன இடத்தின் அஞ்சல் குறியீடு, காரணம், மைல். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் தாயார் ஒருவர், "மாஸ்டர் உள்ளே வராமல் யாரோடு கதைக்கிறார்?" என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.

தொலைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. நான் இரண்டு மாதம் ஒன்றைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு பயணத்தையும் தொழிலா சொந்த அலுவலா என்று மாலையில் வகைப்படுத்தச் சொல்லும். அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தொழில் என்று அழுத்திவிட்டுப் போனேன். கொப்பியில் அப்படி முடியாது, ஒவ்வொரு வரியையும் கையால் எழுத வேண்டும் என்பதால் மனம் கொஞ்சம் நேர்மையாக இருக்கிறது.

உங்களிடம் அந்த ஆண்டுக்குக் கொப்பி இல்லையென்றால், பாட அட்டவணையையும் பெற்றோரோடு பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்து நாள் நாளாகக் கட்டியெழுப்புங்கள். 6,200 என்று முழு எண்ணாக இருப்பதே எனக்குச் சற்று உறுத்துகிறது. உண்மையான மைல்கள் இரண்டு சைபரில் முடிவது அபூர்வம். கணக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளான ஜனவரி 31இலிருந்து ஐந்து ஆண்டுகளுக்காவது அந்தப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும்.

16 நவம்பர் 2024

கார்டிஃபில் இருந்து ஒருவர், "மைல் முறையை விடுத்து உண்மைச் செலவைக் காட்டினால் கூடக் கிடைக்காதா?" என்று கேட்டிருக்கிறார். இந்த ஆண்டு எனக்கே அந்தக் கேள்வி இருக்கிறது.

என் பழைய டீசல் கார், யூலெஸ் என்ற லண்டன் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு வலயத்தின் விதிக்குப் பொருந்தாதது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் அந்த வலயம் விரிவடையும் என்று தெரிந்தபோது, நாளுக்கு 12 பவுண் 50 பென்ஸ் கட்டி வயலின் கற்பிப்பது கட்டுப்படியாகாது என்று முடிவுசெய்து, 2023 ஏப்ரல் கடைசியில் 7,400 பவுணுக்குப் பழைய டொயோட்டா யாரிஸ் ஹைபிரிட் ஒன்றை வாங்கினேன். ஆகவே 2023–24 கணக்கில்தான் அந்தக் காருக்கு முதன்முறையாக முறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறேன். இந்தத் தேர்வை இலேசாக எடுக்க முடியாது. ஒரு காருக்கு மைல் முறையைத் தொடங்கினால் அதை விற்கும்வரை, அல்லது தொழிலில் பயன்படுத்துவதை விடும்வரை, அதே முறைதான். மறுபக்கத்தில், அந்தக் காருக்கு ஏற்கெனவே மூலதனக் கழிவு (கார் வாங்கிய விலையை ஆண்டாண்டாகக் கழிப்பது) எடுத்திருந்தால் மைல் முறைக்குத் தாவ முடியாது. அடுத்த கார் வாங்கும்போது புதிதாக யோசிக்கலாம்.

அந்த ஆண்டு நான் ஓடிய மொத்தம் 11,800 மைல். கொப்பியின்படி தொழிலுக்கு 7,080, அதாவது 60 வீதம். பெற்றோல் 1,640 பவுண், காப்புறுதி 925, பராமரிப்பும் எம்.ஓ.டி. என்ற ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையும் 430, டயர்கள் 210. மொத்தம் 3,205 பவுண். அதில் 60 வீதம் 1,923. மூலதனக் கழிவைப் பார்த்தால், காபனீரொட்சைட்டு கிலோமீற்றருக்கு 50 கிராமுக்கு மேல் விடுகிற கார் என்பதால் ஆண்டுக்கு 6 வீதம்தான், 444 பவுண். அதிலும் 60 வீதம் 266 பவுண் 40 பென்ஸ். ஆக உண்மைச் செலவு முறையில் 2,189 பவுண் 40 பென்ஸ். மைல் முறையில் 7,080 மைலுக்கு 3,186 பவுண்.

ஏறத்தாழ ஆயிரம் பவுண் வித்தியாசம். சிக்கனமான சிறிய கார், கூடிய ஓட்டம் என்றால் மைல் முறையே வெல்லும். விலையுயர்ந்த கார், குறைந்த ஓட்டம், அடிக்கடி பழுது என்றால் உண்மைச் செலவு முறை வெல்லக்கூடும். திருமணங்களுக்கு நிழற்படம் எடுக்கும் என் நண்பர் ஆண்டுக்கு 13,400 மைல் ஓடுகிறார். 10,000 மைலுக்குப் பிறகு வீதம் 25 பென்ஸாக விழுந்துவிடும் என்பதால் அவருக்கு 4,500உம் 850உம் சேர்ந்து 5,350 பவுண். அவருடைய கார் இரண்டு தடவை இயந்திரம் திறந்த கார். அவர் உண்மைச் செலவு முறைக்குப் போயிருக்கலாமே என்று பின்னர் வருந்தினார், ஆனால் முதல் ஆண்டிலேயே மைல் முறையைத் தொடங்கிவிட்டார்.

17 நவம்பர் 2024

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. 45 பென்ஸுக்குள் பெற்றோல், காப்புறுதி, பழுது, தேய்மானம் எல்லாம் அடக்கம். காப்புறுதியைத் தனியாக இன்னொரு முறை கேட்கக் கூடாது. ஆனால் தொழிற்பயணத்தில் கட்டிய தரிப்பிடக் கட்டணம், சுங்கம், மத்திய லண்டனின் நெரிசல் கட்டணம் ஆகியவற்றை மேலதிகமாகக் காட்டலாம். காரைக் கடனில் வாங்கியிருந்தால் வட்டியில் தொழிலுக்குரிய பங்கையும் காட்டலாம்.

தண்டம் கூடாது. மாணவர் வீட்டு வாசலில், குடியிருப்பாளருக்கு மட்டும் என்றிருந்த இடத்தில் நிறுத்தி நான் வாங்கிய 65 பவுண் தண்டச் சீட்டு அன்றைய பாடக் கட்டணத்தைவிடக் கூடியது. அதற்குக் கழிவே இல்லை.

18 நவம்பர் 2024

மிதிவண்டியில் போனாலும் மைல் வீதம் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, மிதிவண்டிக்கு இல்லை. மைலுக்கு 20 பென்ஸ் என்பது ஊழியர்களுக்கான விதி. சுயதொழிலில் கார், சரக்கு வாகனம், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு மட்டுமே மைல் வீதம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு 24 பென்ஸ். சைக்கிளுக்கு உண்மைச் செலவில் தொழிற்பங்கைக் காட்டுங்கள். கூடப் பயணிப்பவருக்கு 5 பென்ஸ் என்பதும் அப்படியே. அரங்கேற்றம் ஒன்றுக்காக லெஸ்டருக்கு மிருதங்க வித்துவானை ஏற்றிக்கொண்டு போய் வந்தேன், போகவர ஏறத்தாழ 190 மைல். அவரை ஏற்றியதற்கு ஒரு பென்ஸும் இல்லை. மிருதங்கம் பின் இருக்கையில் இருக்கைப்பட்டி போட்டு இருந்தது, அதற்கும் இல்லை.

1 டிசம்பர் 2024

முதல் நாள் நான் எழுதிய ஒரு வரியை மீளப் பெற்றுக்கொள்கிறேன். "வாசலைத் தாண்டிய பின் ஓடுகிற மைல் எல்லாம் தொழில் மைல்" என்றேன். அது பிழை. என் கணக்கிலேயே பிழை இருக்கிறது என்பதுதான் இன்னும் மோசம்.

கணக்காளராக வேலை செய்கிற வாசகர் ஒருவர் தனிப்பட எழுதி, "சனிக்கிழமைகளில் எங்கே கற்பிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். 2022 செப்டெம்பர் முதல் தென்கிழக்கு லண்டனில் உள்ள ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வயலின் வகுப்பு நடத்துகிறேன். அதே மண்டபம், அதே ஒன்பதரை மணி. ஊழியராகச் சம்பளம் இல்லை, மாதம் முடிய நான் கட்டணச் சிட்டை கொடுப்பேன். போகவர 44 மைல். என் வீடு தொழிலிடம் என்பதால் இதையும் எழுதிக்கொண்டே வந்தேன். அவர் மேலும் எதையும் விளக்கவில்லை. சில வழக்குகளின் பெயரைத் தந்து, படித்துப் பார்க்கச் சொன்னார்.

மூன்று மாலைகள் அவற்றோடு உட்கார்ந்தேன். 1952ஆம் ஆண்டு நியூசம் வழக்கில் ஒரு வழக்குரைஞர் விப்ஸ்னேடில் வீடு, லண்டன் லிங்கன்ஸ் இன்னில் அலுவலறை என்று இருந்தார். மாலை நேரங்களில் வீட்டிலும் உண்மையாகவே வழக்குக் கட்டுகளைப் பார்த்தார். ஆயினும் வீட்டுக்கும் அலுவலறைக்கும் இடையிலான பயணச் செலவைக் கழிக்க நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. அங்கே குடியிருப்பது அவர் விருப்பம், அந்தப் பயணத்தைத் தொழில் கேட்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஹார்டன் வழக்கில் ஈஸ்ட்போர்னில் இருந்த ஒரு கொத்தனார் வென்றார். கருவிகளும் கணக்குப் புத்தகங்களும் அவர் வீட்டில்தான் இருந்தன, வேலை பேசி முடிப்பதும் வீட்டில்தான், வேலைத்தளமோ மாறிக்கொண்டே இருந்தது. அவருக்கு வீட்டைத் தவிர நிலையான தொழிலிடம் என்று ஒன்று இல்லை.

என்னைப் பிடித்தது 2014ஆம் ஆண்டு மேல் தீர்ப்பாயத்தில் முடிந்த சமாடியன் வழக்கு. அரச மருத்துவமனையில் வேலை செய்த ஒரு முதியோர் மருத்துவ நிபுணர், தனிப்பட்ட முறையில் வேறு மருத்துவமனைகளிலும் நோயாளரைப் பார்த்தார். அதற்குரிய எழுத்து வேலைகளை வீட்டு அலுவலறையில் செய்தார். வீடும் அவருக்கு ஒரு தொழிலிடம் என்பதைத் தீர்ப்பாயம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மருத்துவமனைகளுக்கு அவர் ஒழுங்காக, முன்கூட்டியே தெரிந்த நேரத்தில் போய்வந்தார். ஆகவே அவையும் அவருடைய தொழிலிடங்களே, வீட்டிலிருந்து அங்கே போவது தொழிலுக்காக மட்டுமே போன பயணம் அல்ல என்று தீர்ந்தது.

ஒழுங்காக, முன்கூட்டியே தெரிந்த நேரத்தில். சனிக்கிழமை ஒன்பதரை மணி என்பதை இதைவிடச் சரியாக வேறு யாராலும் விவரிக்க முடியாது.

2 டிசம்பர் 2024

இன்னொரு வழக்கு, என்னைச் சிரிக்க வைத்தது. 1978இல் ஒரு பல்மருத்துவர் வீட்டிலிருந்து சிகிச்சை நிலையத்துக்குப் போகும் வழியில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் நின்று பற்களை எடுத்துக்கொண்டு போவார். அதனால் அங்கிருந்து மீதித் தூரம் தொழிற்பயணம் என்று வாதாடித் தோற்றார். நானும் சில சனிக்கிழமைகளில் போகும் வழியில் ஒரு கடையில் வயலின் தந்தி வாங்கிக்கொண்டு, கொப்பியில் "தந்தி வாங்கப் போனது" என்று எழுதியிருக்கிறேன். 46 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தந்திரம் அறுந்துவிட்டது.

4 டிசம்பர் 2024

குரோய்டன் ஆசிரியை பதறிப்போய், "அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குப் போகிற வீடும் ஒழுங்கான, முன்கூட்டியே தெரிந்த இடம்தானே?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அதை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

ஒரு மாணவர் வீட்டிலிருந்து அடுத்த மாணவர் வீட்டுக்குப் போகும் மைலில் எந்தச் சிக்கலும் இல்லை. வேலையின் நடுவே வேலைக்காகவே போகிறீர்கள்.

வீட்டிலிருந்து முதல் மாணவர் வீட்டுக்கும், கடைசி மாணவர் வீட்டிலிருந்து திரும்பியும் போகும் மைல்தான் வாதத்துக்குரியது. வரித் திணைக்களத்தின் கைநூலே, இடம் விட்டு இடம் அலைந்து செய்யும் தொழிலைத் தனியாக நோக்குகிறது. தொழிலின் தன்மையே அலைவதாக இருந்து, வீடு உண்மையான தளமாகவும் இருந்தால், வீட்டிலிருந்து தொடங்கும் பயணத்தையும் கழிக்கலாம். உங்களுக்குப் பதினான்கு மாணவர்கள், பதினான்கு வீடுகள். பாடத் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம், பெற்றோரோடு பேசிக் கட்டணம் தீர்மானிப்பது எல்லாம் உங்கள் வீட்டு மேசையில். பரீட்சை முடிந்ததும் ஒரு பிள்ளை நிற்கும், இன்னொன்று வரும். இது கொத்தனாருக்கு அருகில் நிற்கிறது என்பது என் கருத்து. என் மாணவர் வீடுகளையும் அப்படியே எண்ணுகிறேன்.

ஆனால் ஒரே வீட்டுக்கு வாரத்தில் நான்கு நாள், மூன்று ஆண்டாகப் போகிறீர்கள் என்றால் நான் அதை எழுதத் தயங்குவேன். வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் வாரத்தில் நான்கு நாளுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. இதற்குக் கணக்காளருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுக்கலாம், அந்தக் கட்டணமும் செலவில் சேரும்.

5 டிசம்பர் 2024

நவம்பர் 16ஆம் திகதிக் கணக்கைத் திரும்பப் போடுகிறேன். 38 சனிக்கிழமைகள், 44 மைல் வீதம் 1,672. அதைக் கழித்தால் தொழில் மைல் 5,408தான். மைல் முறையில் 2,433 பவுண் 60 பென்ஸ். தொழிற்பங்கு 60 வீதத்திலிருந்து ஏறத்தாழ 46 வீதமாக இறங்குவதால் உண்மைச் செலவு முறையும் 1,680 பவுண் அளவுக்கு விழுகிறது. ஆகவே முடிவு மாறவில்லை, யாரிஸுக்கு மைல் முறைதான். என் பெருமை மட்டும் 752 பவுண் 40 பென்ஸ் குறைந்தது.

சில சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து கேட்ஃபோர்டில் ஒரு மாணவி வீட்டுக்குப் போவேன். பள்ளிக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஓடும் மூன்று மைலை எழுதுகிறேன், அது இரண்டு தொழிலிடங்களுக்கு இடையே ஓடுவது. அங்கிருந்து ஹரோவுக்குத் திரும்புவதையும் கேட்கலாம் என்று வாதிட ஆள் இருக்கக்கூடும். நான் விட்டுவிட்டேன். அந்த மூன்று மைல் பாடத்துக்காக ஓடியது, மீதி எப்படியும் வீட்டுக்குப் போயிருப்பேன்.

8 டிசம்பர் 2024

2023–24 கணக்கை இன்னும் அனுப்பவில்லை என்பதால் அதில் திருத்த எதுவும் இல்லை. 2022–23 கணக்கு போய்விட்டது. அதில் செப்டெம்பர் முதல் ஏப்ரல் 5 வரை 24 சனிக்கிழமைகள், 1,056 மைல், 475 பவுண் 20 பென்ஸ் அதிகமாகக் கழித்திருக்கிறேன். அந்த ஆண்டு நான்காம் வகுப்பு வீதம் 9.73. ஆகவே நான் குறைவாகக் கட்டியது 141 பவுண் 27 பென்ஸ்.

அனுப்பிய கணக்கை அதன் கடைசி நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இணையத்திலேயே நாமே திருத்தலாம். 2022–23க்கு அந்த அவகாசம் 2025 ஜனவரி 31இல் முடிகிறது. வீட்டில், "141 பவுணுக்காகவா மூன்று இரவு தூங்கவில்லை?" என்று கேட்டார். அதற்காகத்தான். கவனக்குறைவால் வந்த பிழைக்கு வரித் திணைக்களம் கேட்குமுன் நாமே சொன்னால் தண்டம் இல்லாமலே போகலாம், வட்டியோடு முடியும். அவர்கள் கேட்ட பிறகு சொன்னால் வரியில் 15 முதல் 30 வீதம் வரை தண்டம். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் இந்த வீதங்களுக்குப் பயப்படவில்லை. இத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லிவிட்டு என் கணக்கை அப்படியே விடக் கூச்சமாக இருந்தது.

15 டிசம்பர் 2024

பெற்றோல் காசைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தூரத்து மாணவர்களின் பெற்றோர் சிலர் பாடக் கட்டணத்தோடு, "இது பெற்றோல் காசு மாஸ்டர்" என்று இன்னொரு உறையையும் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் அந்த உறை எப்போதும் வடைப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும், எண்ணெய் ஊறி ஐந்து பவுண் தாளின் படம் உறைக்கு வெளியே தெரியும். ஆண்டுக்கணக்காக அதை நான் வருமானத்தில் சேர்க்கவில்லை, செலவுக்குச் செலவு என்று நினைத்தேன். அப்படியல்ல. அந்தக் காசு நம் தொழில் வருமானம், அதைச் சேர்க்க வேண்டும். பிறகு மைலையும் முழுதாகக் கழிக்கலாம். ஒன்றைச் சேர்க்காமல் மற்றதைக் கழித்தால் ஒரே பயணத்துக்கு இரண்டு தடவை வாங்குவதாகிவிடும். வடையை எங்கும் காட்ட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. மொத்த வருமானமே சிறிதாக இருப்பவர்கள், செலவுகளுக்குப் பதிலாகக் கழிக்கும் 1,000 பவுண் வணிகக் கழிவை எடுத்தால் மைலைக் கேட்க முடியாது. இரண்டில் ஒன்று.

22 டிசம்பர் 2024

ஈஸ்ட்ஹாமில் ஒரு மாணவனுக்குப் பாடம். முடிந்ததும் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் முருங்கைக்காயும் கீரையும் வாங்கிவிட்டு வந்தால் மைல் கெட்டுவிடுமா என்று ஒருவர் கேட்டார். கெடாது. போன காரணம் பாடம், கடை வழியில் இருந்தது. ஆனால் கீரைக்காகச் சுற்றிப்போன மைலை எழுதக் கூடாது. முருங்கைக்காய்க்காகவே ஈஸ்ட்ஹாம் போய், போன இடத்தில் மாணவனுக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தால், அது முருங்கைக்காய்ப் பயணம். சட்டம் "முழுவதும் தொழிலுக்காக, தொழிலுக்காக மட்டுமே" என்று கேட்கிறது.

5 ஜனவரி 2025

விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த மாமாவுக்கு இந்தக் கொப்பியைக் காட்டினேன். "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றார். பதிலாக, அரசின் இணையத்தளத்தில் என் காரின் இலக்கத்தைத் தட்டிக் காட்டினேன். ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனையில் குறித்த ஓடுமானி எண் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கிறது. வண்டி இலக்கம் தெரிந்த எவரும் பார்க்கலாம். 54 பவுண் 85 பென்ஸுக்கு மேல் வாங்கக் கூடாத அந்தச் சோதனை, நம் மைல் கணக்குக்குச் சாட்சியும் சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தொழிலுக்கு மட்டும் 12,000 மைல் என்று எழுதியிருந்தார். அவருடைய கார் இரண்டு சோதனைகளுக்கிடையில் ஓடிய மொத்தமே 9,000தான். அதை அவருக்கு எடுத்துச் சொன்னது வரி அதிகாரி அல்ல, அவருடைய மகன்.

அவர் பொய் எழுதவில்லை என்று நம்புகிறேன். ஜனவரி 30ஆம் திகதி இரவு, ஓர் ஆண்டை நினைவிலிருந்து எழுதினார். நினைவில் எல்லாப் பயணமும் நீளம்.

11 ஜனவரி 2025

காப்புறுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த அலுவலும் வேலைக்குப் போய்வருவதும் மட்டும் அடங்கிய காப்புறுதியோடு மாணவர் வீடுகளுக்கு ஓடினால், விபத்து நேரும் நாளில் சிக்கல் வரும். தொழிற்பயன்பாட்டைச் சேர்க்க எனக்கு 38 பவுண் கூடியது. அதைத் தனியாகக் கழிக்க முடியாது, 45 பென்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த 45 பென்ஸ் 2011 ஏப்ரலில் 40இலிருந்து ஏறியது, அதன் பிறகு அசையவில்லை. என் பாடக் கட்டணம் அதற்குள் மூன்று தடவை ஏறிவிட்டது. டயர்க் கடைக்காரரின் கட்டணத்தை நான் எண்ணுவதில்லை.

19 ஜனவரி 2025

குரோய்டன் ஆசிரியை கொப்பியைக் கட்டியெழுப்பிவிட்டார். 6,200 அல்ல, 5,347 மைல். வாரத்தில் இரண்டு நாள் நூலக மண்டபம் ஒன்றில் குழு வகுப்பு நடத்துவதை முதலில் சொல்லவில்லை, அதை அவரே நீக்கிவிட்டார். 2,406 பவுண் 15 பென்ஸ் கழிவு, 29 வீதத்தில் மிஞ்சுவது 697 பவுண் 78 பென்ஸ். கணவர் இன்னும் 2,790 எங்கே என்று கேட்பதாக எழுதியிருக்கிறார்.

1 பெப்ரவரி 2025

என் கணக்கும் குரோய்டன் ஆசிரியையின் கணக்கும் போய்விட்டன, என் திருத்தமும் போய்விட்டது. 141 பவுண் 27 பென்ஸோடு சில பவுண் வட்டியும் சேர்ந்தது, கட்டிவிட்டேன். ஜனவரி 31ஐத் தவறவிட்டிருந்தால் வரி எதுவும் இல்லாவிட்டாலும் 100 பவுண் தண்டம். தவறவிட்டவர்கள் இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள், நாள் செல்லச் செல்ல அது வளரும்.

5 ஏப்ரல் 2025, இரவு

வரியாண்டு முடிகிற நாள் இந்த முறை சனிக்கிழமையில் விழுந்தது. வகுப்பு முடிந்து, கேட்ஃபோர்ட் போய், வீடு திரும்பி, வாசலில் காரை நிறுத்தி ஓடுமானியைப் பார்த்தேன்: 61,382. சிவப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்றைக்கு ஒரே வரி: பள்ளியிலிருந்து கேட்ஃபோர்டுக்கு 3 மைல், பாடம். போகவர ஓடிய மீதியைக் கொப்பியில் எழுதவில்லை. நாளைக்குப் புதுக் கொப்பி, இந்த முறை நீலம். கடையில் சிவப்பு முடிந்துவிட்டது.